ஃபேக்டர் மருந்தும் வீட்டாரின் பொறுப்பும்

வேலூர் மாவட்டத்தில் எங்கள் அணைக்கட்டுத் தாலுகாப் பக்கத்தில் ஒரு குழந்தைக்கு முடி இறக்கிக் காது குத்தும் வைபவத்தில், அந்தக் குழந்தையைத் தன் மடியில் அமர்த்திக்கொள்ளும் உரிமை தாய்மாமனுக்கே உரியது. அந்த உரிமையை நானும் என் அக்காள் மகன் விஷயத்தில் பெற்றேன். ஆனால் அவனுடைய காது குத்தப்படும் முன்னரே, அவனுக்கு ஹீமோபிலியா உண்டு என்பதை மருத்துவர்கள் கண்டறிந்து சொல்லிவிட்டபடியால், ஃபேக்டர் எட்டு என்னும் மருந்து முதலில் அவன் நரம்பில் ஏறிய பிறகே தட்டானின் ஊசி அவன் காதில் ஏறிற்று. தாய்வழியாக வருகிற இந்த வியாதியில் தாய்மாமனுக்குப் பங்கு உண்டு என்பதைச் சடங்கும் சொல்கிறது, உயிரியலும் சொல்கிறது. ஆகவே இந்த மருந்தை அபாயமின்றி உபயோகிப்பது எப்படி என்பதைப் பற்றி, புதிதாக இந்தச் செய்தியைக் கேட்டுத் திகைத்து நிற்கும் பெற்றோருக்கு உதவும் பொருட்டு, எனக்குத் தெரிந்தவற்றை ஒரு முறை நிதானமாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

முதலில் வியாதியின் ஸ்வபாவத்தைச் சொல்லிவிடுகிறேன். காயம் பட்ட இடத்தில் ரத்தம் உறைவதற்கு நம் உடலில் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்பட வேண்டியிருக்கிறது. ஃபேக்டர், அதாவது காரணி, எனப்படும் அவற்றுள் எட்டாவது காரணி குறைந்தால் ஹீமோபிலியா ஏ என்றும், ஒன்பதாவது குறைந்தால் ஹீமோபிலியா பி என்றும் பெயர். முதல் வகை ஏறக்குறைய ஐயாயிரம் ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. இரண்டாவது அதைவிட மிகவும் அபூர்வம். அந்தக் காரணி நூற்றுக்கு ஒரு பங்கும் இல்லாதவர்களுக்கு வியாதி கடுமையானது. ஒன்றிலிருந்து ஐந்து பங்கு வரை இருப்பவர்களுக்கு நடுத்தரமானது. அதற்கு மேல் இருந்தால் லேசானது. இந்தப் பிள்ளைகளுக்கு ரத்தம் பீறிட்டு ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேகம் எல்லோருக்கும் உள்ளதுதான். நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதில்லை என்பதே துன்பம். அதிலும் வெளியே தெரிகிற காயத்தைவிட, முழங்கால், கணுக்கால், முழங்கை ஆகிய மூட்டுகளுக்குள்ளே எவர் கண்ணுக்கும் படாமல் கசியும் ரத்தமே, திரும்பத் திரும்ப நேர்ந்து, வாலிபம் வருவதற்குள் ஒரு பிள்ளையை முடவனாக்கிவிடுகிறது.

என் தாயாரின் சகோதரர் ஒருவர், நான் பிறப்பதற்கு முன்பே, பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் இறந்துபோனார் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது என்ன வியாதி என்று அப்போது எவருக்கும் தெரியாது. வீங்கிய முழங்காலை எண்ணெய் போட்டு உருவிவிடுவதும், உப்பு மூட்டையைச் சூடு செய்து ஒத்தடம் கொடுப்பதும், சுளுக்கு என்று எண்ணிக் கட்டுப் போடுவதும் அக்காலத்து உபாயங்கள். இன்றும் எங்கள் ஊர்ப்பக்கங்களில் அவை முற்றிலும் ஒழிந்துபோகவில்லை. கசிந்துகொண்டிருக்கும் மூட்டை உருவுவதும் சூடு காட்டுவதும் கசிவை அதிகப்படுத்தும் என்பதைப் பெரியவர்கள் மனம் நோகாதபடி, ஆனால் உறுதியாக, சொல்லித்தான் தீரவேண்டும். மூட்டை அசைக்காமல் ஓய்வு கொடுத்து, ஐஸைத் துணியில் சுற்றிச் சிறிது நேரம் வைத்து, காலை உயர்த்திவைத்து, தாமதமின்றி ஃபேக்டரைச் செலுத்துவதே முறை.

இந்த ஃபேக்டர் நமக்கு எளிதாகக் கிடைத்துவிட்ட வஸ்து அல்ல. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஜூடித் கிரஹாம் பூல் என்னும் பெண் விஞ்ஞானி, உறைய வைத்த பிளாஸ்மாவை மெதுவாக உருகச்செய்தால் அடியில் தங்கும் படிவத்தில் எட்டாவது காரணி மிகுந்திருப்பதைக் கண்டறிந்தார். அதுவே கிரையோ என்று நம் ரத்த வங்கிகளில் வழங்குவது. அதற்கடுத்து, ஆயிரக்கணக்கானவர்களின் பிளாஸ்மாவை ஒன்றாகத் திரட்டி, வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய உலர்ந்த தூளாக ஃபேக்டரைத் தயாரிக்கும் முறை வந்தது. இனி நம் பிள்ளைகளுக்கு விமோசனம் என்று உலகெங்கும் தாய்மார்கள் மகிழ்ந்திருந்த அந்தச் சமயத்திலேதான், ஆயிரம் பேரில் ஒருவருடைய ரத்தத்தில் இருந்த கிருமியும் அந்தத் திரளுக்குள் புகுந்துவிடும் என்னும் பயங்கரம் வெளிப்பட்டது. 1980-களின் முற்பகுதியில், பல தேசங்களில், ஹீமோபிலியா உள்ளவர்கள் ஆயிரக்கணக்கில் எச்.ஐ.வி.யையும் மஞ்சள்காமாலைக் கிருமிகளையும் தங்கள் உயிர்காக்கும் மருந்தின் வாயிலாகவே பெற்றார்கள். பிரிட்டனில் அந்தக் கொடுமையை விசாரித்த சர் பிரையன் லாங்ஸ்டாஃப், 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட அறிக்கையில், முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் ரத்தத்தாலும் ரத்த மருந்துகளாலும் தொற்றடைந்ததையும், மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதையும், இவற்றுள் பெரும்பாலானவை தவிர்த்திருக்கக்கூடியவையே என்பதையும் எழுதினார்.

இந்தச் சரித்திரத்தில் நம் வேலூருக்கும் ஓர் இடம் உண்டு. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் நிர்மலா என்னும் மாணவி திரட்டிய ரத்த மாதிரிகள் 1986-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவரப்பட்டுச் சோதிக்கப்பட்டபோதுதான், எச்.ஐ.வி. இந்திய மண்ணிலும் நுழைந்துவிட்டது என்பது முதன்முதலாகத் தெரியவந்தது. அந்தக் காலத்திலிருந்து இன்றுவரை, பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் ஃபேக்டரைச் சூடேற்றியும், கிருமிகளின் மேலுறையைக் கரைக்கும் ரசாயனங்களால் சுத்திகரித்தும் தயாரிக்கும் முறைகள் நிலைபெற்றுவிட்டன; எட்டாவது காரணியின் மரபணு 1984-இல் பிரித்தெடுக்கப்பட்டதன் பயனாக, மனித ரத்தத்தை நம்பியிராமல் உயிரணு வளர்ப்பிலேயே ஃபேக்டரை உண்டாக்கும் வழியும் 1992 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. கிரையோவுக்கோ இந்தச் சுத்திகரிப்பு சாதாரணமாக நடப்பதில்லை. ஃபேக்டர் கிடைக்கும் இடத்தில் கிரையோவை நாடக்கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே.

நான் சொல்ல வந்த விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. மருந்தைத் தயாரிக்கும் இடத்தில் அது நிர்மலமாக இருக்கவேண்டும் என்பதற்காக முன்னொரு தலைமுறை தன் உயிரையே விலையாகக் கொடுத்துவிட்டது. குப்பி நம் வீட்டுக் குளிர்ப்பெட்டிக்குள் வந்த கணத்திலிருந்து, அதன் பாதுகாப்பு நம்முடைய கைகளையும், நம்முடைய கடிகாரத்தையும், நம்முடைய நோட்டுப் புத்தகத்தையும் பொறுத்தது. அந்தக் கடைசிப் பகுதியை வேறு எவரும் நமக்காகச் செய்துதர இயலாது.

முதலாவது, காலம். மூட்டில் ஒரு குறுகுறுப்போ, சூடோ, இறுக்கமோ தோன்றுகிறது என்று பிள்ளை சொன்ன உடனேயே, வீக்கம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று காத்திராமல் மருந்து செலுத்தப்படவேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் செலுத்துவது உத்தமம். பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து அடிவாரத்துக்கு இறங்கி வருவதற்கே பல மணி நேரம் ஆகிவிடக்கூடிய எங்கள் தாலுகாவில், மருந்து மருத்துவமனையில் மட்டும் இருந்தால் போதாது, பயிற்சி பெற்ற வீட்டாரிடமும் இருக்கவேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்லுவேன். தலையில் அடிபட்டாலோ, கழுத்திலும் தொண்டையிலும் வீக்கம் கண்டாலோ, வயிற்றுக்குள் கடும் வலி தோன்றினாலோ, முதலில் மருந்து, பிறகு பயணம், அதன் பிறகே ஸ்கேன் முதலிய பரிசோதனைகள். வாந்தி வருகிறதா, மயக்கம் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்பது தலைக்காயத்தில் உயிரோடு விளையாடுவதாகும்.

இரண்டாவது, அளவு. எட்டாவது காரணியை உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட் வீதம் செலுத்தினால், ரத்தத்தில் அதன் அளவு நூற்றுக்கு இரண்டு பங்கு ஏறும். ஒன்பதாவது காரணியாயின் ஏறக்குறைய ஒரு பங்குதான் ஏறும். இருபது கிலோ எடையுள்ள ஒரு பையனுக்கு எட்டாவது காரணியை நாற்பது பங்குக்கு உயர்த்தவேண்டுமானால் நானூறு யூனிட் தேவை. தலைக்காயத்தில் நூறு பங்கை எட்டவேண்டியிருப்பதால் அதே பையனுக்கு ஆயிரம் யூனிட் வேண்டும். எட்டாவது காரணி எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள் பாதியாகக் குறைந்துவிடும். ஒன்பதாவது, பதினெட்டிலிருந்து இருபத்து நான்கு மணி நேரத்தில். ஆகவே எப்போது மீண்டும் செலுத்துவது என்பதும் வகைக்கு வகை மாறும். இந்தக் கணக்கைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. ஆயினும் தங்கள் பிள்ளைக்கு எந்தக் கசிவுக்கு எத்தனை யூனிட் என்பதைத் தங்கள் மருத்துவரே ஒரு காகிதத்தில் எழுதித்தரும்படி கேட்டு வாங்கி, குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டிவைப்பதே சிறந்தது. பிள்ளை வளர வளர எடை மாறும்; காகிதமும் மாறவேண்டும்.

மூன்றாவது, வைப்பு. பெரும்பாலான ஃபேக்டர் குப்பிகளை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிரில் வைக்கவேண்டும், உறைய விடக்கூடாது. சில வகைகளைக் குறிப்பிட்ட மாதங்கள் வரை வெளியில் வைக்கலாம் என்று அவற்றின் உறையிலேயே அச்சிட்டிருப்பார்கள்; ஆனால் அவர்கள் சொல்லும் வெளி வெப்பம் 25 அல்லது 30 டிகிரி. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்ச் சீமையின் ஓட்டு வீட்டில் அந்தச் சலுகையை நம்பி மருந்தை அலமாரியில் வைப்பது பிசகு. குளிர்ப்பெட்டியின் கதவுத் தட்டில் சூடு ஏறி இறங்கும். உறைபனித் தட்டை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். நடுத்தட்டில், ஒரு டப்பாவுக்குள், காலாவதி நெருங்கிய குப்பி முன்னும் புதியது பின்னுமாக அடுக்கிவைப்பதே கிரமம். மருத்துவமனையிலிருந்து பேருந்தில் கொண்டுவரும்போது ஐஸ் பெட்டிக்குள் குப்பிகளை ஒரு துணியால் சுற்றி, ஐஸ் நேராகப் படாதபடி வைக்கவேண்டும். மின்சாரம் நீண்ட நேரம் போய்விட்டால் பெட்டியைத் திறக்காமல் இருப்பதும், அன்றைய தேதியைக் குறித்துக்கொண்டு மருத்துவமனையைக் கேட்பதும் நலம்.

நான்காவது, கலப்பது. கலப்பதற்கு முன் உறையில் எட்டா ஒன்பதா, எத்தனை யூனிட், எந்தத் தேதி வரை என்ற மூன்றையும் வாய்விட்டுப் படிக்கவேண்டும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்த மேஜைமேல் எல்லாவற்றையும் பரப்பி, குப்பிகள் அறையின் சூட்டுக்கு வரும்வரை பொறுத்திருக்கவேண்டும். அவசரத்துக்காக வெந்நீரில் போடக்கூடாது. ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்து அது உலர்ந்த பிறகு, மருந்தோடு கொடுத்த நீரையே, அதனோடு கொடுத்த சாதனத்தைக் கொண்டே சேர்க்கவேண்டும். பிறகு குப்பியை உள்ளங்கைகளுக்கிடையே மெதுவாகச் சுழற்றவேண்டும். குலுக்கினால் நுரை எழும்பிப் புரதம் சிதையும். தெளிவாகாமல் துகள்களோ கலங்கலோ தென்பட்டால் அதைச் செலுத்தாமல் வைத்து, மருத்துவமனைக்குக் காட்டவேண்டும். கலந்த மருந்தை உடனே உபயோகிக்கவேண்டும். பல வகைகளுக்கு மூன்று மணி நேரமே எல்லை. அதைத் திரும்பக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாகாது.

செலுத்தும்போது பட்டர்ஃபிளை ஊசியைப் போட்டு, ரத்தம் குழாயில் தெரிந்து நரம்பு கிடைத்தது உறுதியானதும் கையில் போட்ட கட்டை அவிழ்த்துவிட்டு, உறையில் குறித்த வேகத்தைத் தாண்டாமல் மெதுவாகச் செலுத்தவேண்டும். முகம் சிவத்தல், மூச்சுத் திணறல், உடம்பில் தடிப்பு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே நிறுத்தி மருத்துவமனைக்கு விரையவேண்டும். குறிப்பாக ஒன்பதாவது காரணியைப் பெறும் குழந்தைகளுக்கு முதல் சில தடவைகள் மருத்துவமனையிலேயே செலுத்தப்படவேண்டும். கடுமையான ஒவ்வாமை அவர்களில் சிலருக்கு அந்த ஆரம்பகாலத்திலேயே வருகிறது. ஊசியை எடுத்த பின் கையை மடக்காமல், ஐந்து நிமிஷமாவது பஞ்சால் அழுத்திப் பிடிக்கவேண்டும். ஊசிகளைக் குப்பையில் எறியாமல், துளைபடாத ஒரு கெட்டியான டப்பாவில் சேர்த்து மருத்துவமனையிலேயே ஒப்படைக்கவேண்டும். நம் தெருக் குப்பையைக் கையால் வாரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கு விடியுமுன்னே கம்பெனி வேனில் ஏறிப் போய்விடும் தாய்மார்கள் எங்கள் ஊர்களில் ஏராளம். ஆகவே வீட்டில் இரண்டு பேராவது மருத்துவமனையில் முறையாகப் பயிற்சி பெற்று, செவிலியர் முன்னிலையில் செய்துகாட்டித் தேறியிருக்கவேண்டும்.

ஐந்தாவது, நோட்டு. தேதி, நேரம், எந்த இடத்தில் கசிவு, மருந்தின் பெயர், எத்தனை யூனிட், குப்பியின் மேல் அச்சிட்ட தொகுதி எண், வலி எப்போது தணிந்தது என்ற இவற்றை ஒவ்வொரு தடவையும் எழுதவேண்டும். குப்பியின் சீட்டையே உரித்து ஒட்டிவைப்பவர்களும் உண்டு. ஒரு தொகுதியில் குறை கண்டுபிடிக்கப்பட்டால், அது யாருக்குச் சென்றது என்பதை அந்த எண் ஒன்றுதான் சொல்லும். இன்னொரு முக்கியமான ரகசியத்தையும் அந்த நோட்டே வெளிப்படுத்தும். கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பேருக்கு, வெளியிலிருந்து வரும் ஃபேக்டரை உடலே அந்நியமாகக் கருதி அழிக்கத் தொடங்குகிறது. இதையே இன்ஹிபிட்டர் என்கிறார்கள். பெரும்பாலும் முதல் ஐம்பது தடவைகளுக்குள் அது தலைகாட்டும். வழக்கமான அளவுக்கு வழக்கம்போல் வலி அடங்கவில்லை என்று நோட்டு காட்டுமானால், அளவை நாமே கூட்டிப் பார்க்காமல் இன்ஹிபிட்டர் சோதனைக்குப் போகவேண்டும். அதற்கென்று வேறு மருந்துகள் இருக்கின்றன.

மருந்துக்கு வெளியேயும் சில நியமங்கள் உண்டு. ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கக்கூடாது; காய்ச்சலுக்கும் வலிக்கும் பாரசிட்டமால் போதும். தசையில் போடும் ஊசியை எவர் போடவந்தாலும் தடுக்கவேண்டும். தடுப்பூசிகள் அவசியம் போடப்படவேண்டியவையே, ஆனால் மருத்துவரைக் கேட்டுத் தோலுக்கடியில் போடும்படி ஏற்பாடு செய்யவேண்டும். பல் பிடுங்குதல், காது குத்துதல், எங்கள் வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்களில் சுன்னத் செய்தல் ஆகிய எதுவும், ஹீமோபிலியா சிகிச்சை தெரிந்த மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லாமல் நடக்கலாகாது. பல் துலக்குவதை ரத்தம் வருகிறதென்று நிறுத்துவதும் தவறு. பல்லைக் காப்பாற்றினால் பிடுங்க வேண்டிய நிர்ப்பந்தமே வராது.

இவ்வளவையும் நாம் செய்ய, நமக்குத் துணைநிற்கும் அறிவு எங்கிருந்தோ வரவேண்டியதில்லை. உலக ஹீமோபிலியா சம்மேளனம் 2012-இலும் 2020-இலும் வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டி நூல்களின் முதல் ஆசிரியர், அவற்றை எழுதியபோது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா. ஃபேக்டர் அரிதாக இருந்த காலத்தில், அறுவைச் சிகிச்சைக்குப் பின் மேல்நாட்டாரைவிடக் குறைந்த அளவைக் கொண்டே கசிவைக் கட்டுப்படுத்தலாம் என்று 1998-இல் எழுதியவர்களும் வேலூர் மருத்துவர்களே. 2024 டிசம்பரில், எட்டாவது காரணியின் மரபணுவை நோயாளியின் சொந்த ரத்த மூல அணுக்களிலேயே சேர்த்துத் திரும்பச் செலுத்தும் சிகிச்சையை ஐந்து பேருக்குச் செய்து, அதன் பிறகு கண்காணித்த காலத்தில் அவர்களுக்குக் கசிவு நேரவில்லை என்னும் முடிவை உலகுக்கு அறிவித்ததும் அதே கல்லூரி. தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஃபேக்டர் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஹீமோபிலியாவையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. கசிந்த பின் கொடுப்பதோடு நில்லாமல், கசியாமலிருக்க வாரந்தோறும் கிரமமாகச் செலுத்தும் தடுப்பு முறையைப் பற்றியும், தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் பற்றியும் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். எமிசிசுமாப் பெறுபவர்கள் அதை ஒவ்வொரு மருத்துவரிடமும் மறக்காமல் சொல்லவேண்டும், ஏனெனில் அது வழக்கமான உறைதல் சோதனையின் முடிவை மாற்றிக்காட்டும். சில மருந்துகளோடு சேர்ந்தால் ரத்தக் குழாய்களுக்குள் ரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயமும் உண்டு.

கடைசியாக, வீட்டுப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தக் கூறைத் தாங்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் வியாதி வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வியாதி உள்ள தகப்பனின் பெண்கள் எல்லோருமே அதைத் தாங்குபவர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு குடும்பத்தில் முன்னோர் எவருக்கும் இல்லாமல் புதிதாகவே அது தோன்றுகிறது. இதில் ஒருத்தியைக் குற்றம் சொல்வதற்கு அணுவளவும் நியாயமில்லை. ஆயினும் அக்காள் மகளை மணக்கும் வழக்கமுள்ள நம் சமூகத்தில், வியாதியுள்ள தாய்மாமனுக்கும் அதைத் தாங்கும் மருமகளுக்கும் பிறக்கும் பெண் குழந்தைக்குக்கூட முழு ஹீமோபிலியா வரக்கூடும் என்பதைச் சம்பந்தம் பேசும் பெரியவர்கள் அறிந்திருக்கவேண்டும். தாங்குபவர்களில் சிலருக்கே காரணி குறைவாக இருந்து, மாதவிடாயிலும் பிரசவத்திலும் அதிக ரத்தம் போகும். ஆகவே உங்கள் வீட்டில் ஒரு பையனுக்கு இந்த வியாதி உறுதியானால், அவன் தாயையும் சகோதரிகளையும் சித்திகளையும் சித்தி பெண்களையும் அதே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பரிசோதனை செய்வியுங்கள். அந்த ஏற்பாட்டை முன்நின்று செய்யும் கடமையைத் தாய்மாமன்மார் ஏற்றுக்கொள்ளவேண்டும் என்பது என் விண்ணப்பம்.